நான் நேர்ந்துகொள்ளாத மொட்டை

என் பெயர் பூங்கொடி. நான் திருநங்கை. போன வருஷம் ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை, நம் மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து என் தலையை மழித்தார்கள். பட்டப்பகல். பால்குடங்கள் வந்து இறங்கிய நேரம். அன்று அங்கே நின்றவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். ஆத்தாள் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் செய்ததை விட்டுவிட்டு அவள் செய்ததைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினார். அவர் இறந்த பிறகு அம்மா, அண்ணன் செல்வராஜ், நான் மூவரும் போர்ட் பிளேருக்கு வந்தோம். நான் யார் என்பதைப் பதினெட்டு வயதில் வீட்டில் சொன்னேன். அன்றே அண்ணன் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அதே ஊரில் டாலிகஞ்ச் பக்கம் ஓர் அறை எடுத்து, ஜாக்கெட் தைத்துப் பிழைத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவேன். கடைசியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவேன். அதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த ஆனி மாதம் மெயின்லேண்டில் நடந்த திருநங்கையர் அழகிப் போட்டியில் எனக்குப் பட்டம் கிடைத்தது. பட்டம் கிடைத்தால் சமூகத்துக்கு என்ன செய்வீர்கள் என்று மேடையில் கேட்டார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்குத் தங்க இடம், ஆஸ்பத்திரிக்குத் துணை, பள்ளிக்கூடங்களில் பேச்சு என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், அது கூட வந்த ஓர் அக்கா எழுதிக்கொடுத்து நான் மனப்பாடம் செய்த பதில். என் நினைப்பெல்லாம் கிரீடத்தின் மேல்தான் இருந்தது.

ஊருக்குத் திரும்பியபோது என் படம் இங்குள்ள பேப்பரில் வந்திருந்தது. கீழே இன்னாரின் பிள்ளை என்று அப்பா பெயரும் போட்டிருந்தது. அண்ணனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நானும் ஒரு பால்குடம் எடுத்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான். வாசலில் அண்ணன் வழிமறித்தார். அவர் கோயில் கமிட்டியில் இருக்கிறார்.

"எங்கப்பன் பேரை ஊர் சிரிக்க வச்சிட்ட. பாவத்தைத் தொலைச்சிட்டு உள்ள வா. முடி எறக்கு."

"நான் அப்படி நேர்ந்துக்கலண்ணே," என்றேன்.

"ஒனக்கும் சேத்து நான் நேர்ந்துக்கிட்டேன்," என்றார்.

நான்கு பேர் பிடித்தார்கள். பால் தரையில் கொட்டியது. முடியிறக்க வந்திருந்தவர் தயங்கினார். அண்ணன் அவர் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். நான் திமிறியதில் காதுக்கு மேலே வெட்டு விழுந்தது. எதிரே அம்மா நின்றாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கிட்டே வந்து குனிந்து, "ஆடாத சாமி, தலையைக் குனிஞ்சுக்க. சீக்கிரம் முடிஞ்சிரும்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தன் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாதஸ்வரம் நிற்கவில்லை. ஒருவர் போனை உயர்த்திப் படம் பிடித்தார். சாயங்காலத்துக்குள் அது எல்லாத் தீவுக்கும் போய்விட்டது.

அன்று நான் ஆத்தாளிடம் கேட்டது இதுதான்: அவன் கை விளங்காமல் போக வேண்டும். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் வீட்டில் சாவு விழ வேண்டும். ஒன்பது நாள் அறையை விட்டு வெளியே வராமல் அதையே கேட்டேன். தைக்கக் கொடுத்த துணிகளை வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று, இந்த மாதத்தோடு காலி செய்துவிடு என்றார். அண்ணன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பைக்கில் அந்த வழியாகப் போவதை ஜன்னலில் பார்த்தேன்.

பத்தாம் நாள் வண்டூர் கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று கடைசியாக ஒரு தடவை கும்பிட்டேன். அவர்களை நீ தண்டிக்க மாட்டாய் போலிருக்கிறது ஆத்தா. என்னை எடுத்துக்கொள். இல்லையென்றால் எனக்கு ஒரு வேலை கொடு. இப்படிக் கேட்டேன். ஏன் வேலை என்று வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

கரையில் பைக்குள் இருந்த போன் அடித்தது. விடாமல் அடித்தது. திரும்பி நடந்து வந்து எடுத்தேன்.

வடக்கு அந்தமான் கோடியில் உள்ள திக்லிபூர் ஆஸ்பத்திரியிலிருந்து கிரேஸ் என்ற நர்ஸ். நாகர்கோவில்காரர். "நீங்க தான அந்த வீடியோல உள்ளவங்க? நம்பர் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. இங்க ஒரு பிள்ள கெடக்கு, உங்கள மாதிரி. வீட்டுல அடிச்சு பாக்குத் தோட்டத்துல போட்டுட்டாவ. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோவணும். கூட வர ஒரு ஆளும் இல்ல. நீங்க வருவியளா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஈரப் புடவையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை பஸ். தலையில் துணி கட்டியிருந்தும் அடையாளம் கண்டுகொண்டார்கள். பின் சீட்டில் அந்த வீடியோவைச் சத்தமாகப் போட்டுச் சிரித்தார்கள். என் குரலே எனக்குப் பின்னால் கதறிக்கொண்டு வந்தது. நான் இறங்கவில்லை.

அவள் பெயர் மௌசுமி. வங்காளிக் குடும்பம், இருபத்திரண்டு வயது. தாடை உடைந்திருந்தது. இடது கண் இருந்த இடம் வீங்கி மூடியிருந்தது. என் தலைத்துணி நழுவியதும் மற்றக் கண்ணால் பார்த்தாள். அக்கா என்று கூப்பிட்டு, பற்களுக்கிடையே இந்தியில் மெல்லக் கேட்டாள்: "தீதி, உங்களையும் வீட்டுக்காரங்கதானா?"

ஆமாம் என்றேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அப்பா வராந்தாவில்தான் இருந்தார். அவளைக் கொண்டுபோக நானும் கிரேஸ் சிஸ்டரும் கையெழுத்துப் போடச் சொன்னோம். "மேரா கோயி நஹி ஹை உதர்," என்றார். அந்த அறையில் எனக்கு யாரும் இல்லை என்று. பீடியை அணைத்துவிட்டு எழுந்து போனார். துணையாள் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

விடிந்ததும் ஆம்புலன்ஸ் கிளம்பியது. வண்டியோடு படகில் கடக்க வேண்டிய பாராடாங் படகுத்துறைக்கு வரும்போது மதியம். அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. வண்டிகளை ஏற்றிய படகு அப்போதுதான் கரையை விட்டுக் கிளம்பியிருந்தது. அடுத்தது வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கூட வந்த கிரேஸ் சிஸ்டர் என்னைப் பார்த்து, தாங்காது என்று தலையசைத்தார்.

நான் இறங்கித் துறையின் விளிம்புக்கு ஓடினேன். தலைத்துணி எங்கோ விழுந்தது. இரண்டு கையையும் தூக்கி, "ஆத்தா, நீ குடுத்த வேலை இது. பாதியில புடுங்காத," என்று கத்தினேன். படகில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். படகு திரும்பியது. மெதுவாக, முழுதாகத் திரும்பிக் கரைக்கு வந்தது.

ஆம்புலன்ஸ் விளக்கைப் பார்த்துத் திருப்பினேன் என்று படகோட்டி பிறகு சொன்னார். இருக்கலாம். அந்த விளக்கு முதலிலிருந்தே சுழன்றுகொண்டுதான் இருந்தது. எனக்குத் திருப்பியது யார் என்று தெரியும்.

மௌசுமி பிழைத்தாள். கண் போய்விட்டது. கண்ணையும் கேட்டேன், ஆத்தாள் தரவில்லை. ஏன் என்று அவளிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது டாலிகஞ்ச் ஓரத்தில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். கிரேஸ் சிஸ்டருக்குத் தெரிந்தவரின் வீடு. மௌசுமி என்னிடம் தையல் கற்றுக்கொள்கிறாள். நூல் கோக்க மட்டும் அடுத்தவரைக் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் துணையில்லாமல் எங்களில் யார் கிடந்தாலும் கையெழுத்துப் போட நாங்கள் போகிறோம். அடையாள அட்டைக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறுகிறோம். ஒரு பள்ளிக்கூடத்தில் பேச அனுமதி கிடைத்தது. மூன்றில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மறுபடி போவோம். திக்லிபூரிலும் ஒரு வீடு வேண்டும். அந்தப் பஸ் தூரத்தில் ஓர் உயிர் போய்விடும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். கிரீடத்தை எங்கள் வீட்டில் ஆத்தாள் படத்துக்குச் சாத்திவிட்டேன்.

அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அவர் இன்னும் என்னைப் பார்த்தால் துப்புகிறார். அம்மா ஒரு தடவை சந்தையில் எதிரே வந்தாள். நின்றாள். என் தலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவர்களுக்குக் கெடுதல் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். அந்த அளவுக்குத்தான் நான் மாறியிருக்கிறேன்.

உங்களில் யாருடைய வீட்டிலாவது எங்களைப் போல ஒரு பிள்ளையை அறையில் பூட்டி வைத்திருக்கலாம். நீங்களும் ஆத்தாளிடம் அழுதுகொண்டிருக்கலாம். நம்பிக் கேளுங்கள். அவள் கேட்காதவள் இல்லை. யாரையாவது அனுப்புவாள். வந்து நிற்பது நானாக இருந்தால், கதவைத் திறந்துவிடுங்கள்.