பட்டியலில் இல்லாத இதழ்

வேளாண் பொருளாதாரம் நடத்துகிற நாம் ஓர் ஆய்விதழைப் புரட்டுவதற்கு முன் அதன் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறோம். என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

என் யோசனை

வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு நெய்வேலிக்குத் திரும்பி, பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்த புதிது. சக ஆசிரியை மலர்விழி, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பதவி உயர்வுக்கு இந்த ஒரு கட்டுரைதான் பாக்கி. நாம் எல்லோரும் வாசிக்கிற உள்நாட்டு இதழுக்கு அனுப்பவிருந்தார். எந்த இதழில் எழுதினால் எத்தனை மார்க் என்று சொல்லும் கல்லூரிப் பட்டியலில் அதற்குக் குறைவு. "வெளிநாட்டு இதழுக்கே அனுப்புங்க" என்று, வந்த ஜோரில் நான்தான் சொன்னேன்.

அரை மனதாகத் தலையாட்டியவர் கேட்டார்: "அத இங்க யாரு சார் படிப்பாங்க?"

காத்திருந்த காலம்

ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, 'சிறு வட்டாரத்துச் செய்தி' என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் சேத்தியாத்தோப்பிலிருந்து தணிகாசலம் என்ற விவசாயி நாலு தடவை போன் செய்துவிட்டார். மலர்விழியின் கேள்விகளுக்கு ஒரு பகல் முழுக்க வரப்பில் உட்கார்ந்து பதில் சொன்னவர்.

"ஏங்கம்மா, அவ்ளோத்தயும் எழுதிக்கினு போனீங்களே, அது எந்த பொஸ்தவத்துலதான் வந்துச்சு?"

நேர்காணல்

கடைசியில் பழைய உள்நாட்டு இதழிலேயே கட்டுரை வந்தது. அது அச்சேறுவதற்கு முந்தின மாதம் கல்லூரியின் புதுப் பட்டியல் வந்திருந்தது. அதில் அந்த இதழ் இல்லை. முதலிலேயே அங்கே அனுப்பியிருந்தால் பழைய பட்டியலில் செல்லுபடியாகியிருக்கும். கெடுத்தது நான்.

பதவி உயர்வு நேர்காணல் குழுவில் யாரும் கட்டுரையைத் திறக்கவில்லை, பட்டியலைத்தான் திறந்தார்கள் என்று வெளியே காத்திருந்த என்னிடம் மலர்விழி சொன்னார். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் மட்டும் பையிலிருந்து அதன் ஜெராக்ஸை எடுத்தாராம். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

"இந்த செமஸ்டர் என் பிள்ளைங்களுக்கு இதத்தாம்மா நடத்துறேன். ஆனா மார்க் போட பாரத்துல கட்டம் இல்லியே!"

மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்

மன்னிப்புக் கேட்கலாம் என்று பின்னாலேயே போனேன். மலர்விழி சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். கையில் அந்தக் கட்டுரை, தமிழில், அவரே மாற்றி எழுதியது, நாலு பக்கம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே முந்திக்கொண்டார்.

"விடுங்க சார். தணிகாசலம் ஐயா பட்டியல் எல்லாம் கேக்க மாட்டாரு, படிச்சிட்டு எங்க தப்புன்னு சொல்லுவாரு."

நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துத் தரம் சொல்லவேண்டும் என்று மாணவர்களுக்குப் போதிக்கிற நாம், நம் விளைச்சலை மட்டும் சாக்கில் குத்திய முத்திரையைப் பார்த்தே எடுத்துக்கொள்கிறோம்.