மூன்று சுற்று

எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் சின்ன வயதில் பள்ளிப் புத்தகத்தில் படித்த அந்தப் பரிசல் கதையை இப்போது கைப்பேசியில் ஆளாளுக்குக் கூறு போடுகிறார்கள். கதையில் வரும் தீவு சுடுகாடாம், பரிசல்காரன் எமனாம். எழுதியவர் பிள்ளைகளுக்குச் சாவின் மேல் ஆசை காட்டிய வக்கிரம் பிடித்தவர் என்கிறார் ஒருவர். இல்லை, பெற்ற மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் எழுதினார் என்கிறார் இன்னொருவர். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சித்தியின் நினைவு வந்து, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கதை சின்னதுதான். பரிசலில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். மூன்று சுற்று சுற்றினால் ஒரு தீவு வரும். காணாமல்போன பிள்ளைகள் எல்லாம் அங்கே விளையாடிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருவர் கண் திறந்தாலும் போச்சு, தீவு மறைந்துவிடும்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது சித்தியின் மகன் காய்ச்சலில் இறந்துபோனான். அவனுக்கு நான்கு வயது. "சாமிகிட்ட போயிட்டான்" என்று என்னிடம் சொன்னார்கள். சாமியின் விலாசம் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைப் பாப்பாரப்பட்டியில் இருந்த சித்தி வீட்டுக்கே எடுத்துப்போய், படத்தைக் காட்டி, பெரிய மனுஷிபோல் விளக்கினேன். சித்தி சிரிக்கவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

மாசியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போனோம். மற்றவர்கள் மீன் வறுவலுக்குக் காத்திருக்க, சித்தி என்னை மட்டும் பரிசலுக்குக் கூட்டிப்போனாள். வந்தவர்களைக் குஷிப்படுத்த நடு ஆற்றில் பரிசலைச் சுற்றிவிடுவது அங்கே வழக்கம். பரிசல்காரர் சுற்றத் தொடங்கியதும் இருவரும் கண்ணை மூடிக்கொண்டோம். இரண்டாவது சுற்றிலேயே நான் பரிசலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்துவிட்டேன். சித்தி மூடியபடியே இருந்தாள்.

"இன்னொருக்கா சுத்துங்கண்ணா."

"பாப்பாவுக்குக் கிறுகிறுன்னு வந்துடுங்க்கா" என்று அவர் தயங்கினார். ஆனாலும் சுற்றினார். பரிசல் நின்றதும் சித்தி மெதுவாகக் கண் திறந்து, சுற்றியிருந்த பாறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ நடுவுல கண்ணத் தொறந்துட்டியா?"

திட்டு விழும் என்று பயந்து, "இல்ல சித்தி, சத்தியமா" என்றேன்.

அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். பொய் சொல்லித் தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் நான் அன்று இரண்டு துண்டு மீன் கூடுதலாகத் தின்றேன்.

சித்தியும் போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே ஒரு தரம் அவளை எதிரே உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட மாட்டோமா என்று ஏங்குகிறேன். திறந்துவிட்டேன் என்று அன்றே சொல்லியிருந்தால், தீவும் மகனும் கண்ணில் படாமல் போனதற்கு என்னைக் காரணம் காட்டிக்கொண்டு, அடுத்த தரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடாவது அவள் வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். அது எனக்கு அன்று தெரியவில்லை.