அந்தரும் மரைக்காலும்

அப்பா கால் முறிந்து படுத்திருந்த போகம் அது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் அவருக்கும் சித்தப்பாவுக்கும் சரிபாதி. விளைந்ததை மரைக்கால் என்கிற அளவுப் பாத்திரத்தில் நிரப்பி அளந்து பிரிப்பார்கள். அளக்கிற கை எப்போதும் அப்பாவுடையது.

வீட்டில் நெல் முடிந்திருந்தது. சித்தப்பா அரைச் சாக்கு அரிசி கொடுத்துவிட்டார். அப்பா கட்டை அவிழ்க்கவே விடவில்லை. “தம்பியின்ர கையைப் பாத்துச் சீவிக்க ஏலாது. திருப்பி அனுப்பு.” அம்மா அனுப்பினா. அன்றைக்கும் மரவள்ளிக்கிழங்குதான்.

நெல் பிரிக்கிற நாளில் அப்பாவுக்குப் பதிலாக நான் போனேன். “கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கண்ணை அங்கால இங்கால விடாத,” என்று சொல்லி அனுப்பினார். களத்தில் நீதவான் மாதிரி நின்றேன்.

சித்தப்பா மரைக்காலைத் தொடவில்லை. கிண்ணியா வியாபாரியிடம் இரவல் வாங்கிய தராசை மரக்கிளையில் கட்டியிருந்தார். “மரைக்கால் அண்ணையின்ர கைக்குத்தான் சொல்லுக் கேக்கும். இந்தமுறை நிறுத்துப் பிரிப்பம்.” முந்தின நாள் மழைத்தண்ணீர் ஓடி, நெற்குவியலின் அடி ஊறியிருந்தது. எங்கள் சாக்குகளை மேலே கலகலவென்று காய்ந்து கிடந்த நெல்லால் நிரப்பினார். தன்னுடையதை அடியிலே கையில் ஒட்டுகிற ஈரநெல்லால். எல்லாச் சாக்கும் ஒரு அந்தர், நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல்.

“உங்கட சாக்குச் சின்னனாக் கிடக்கு, சித்தப்பா.”

“முள்ளைப் பார் பிள்ளை. நேரா நிக்குதோ?”

“ஓம்.”

“பிறகென்ன? கொப்பரிட்ட அதைச் சொல்லு. சாக்கின்ர வயித்தைப் பற்றிக் கதைக்காத.”

சொன்னேன். அந்தருக்கு அந்தர் சரி. அப்பாவுக்குத் தராசில் நம்பிக்கை வரவில்லை. அம்மா முற்றத்தில் அளந்து, வழக்கம்போல ஒன்றுக்குப் பதிலாக லாபத்தில் தொடங்கி, “லாபம், ரெண்டு, மூண்டு…” என்று யன்னலுக்குள்ளால் எண்ணிச் சொல்ல, அவர் படுத்தபடியே விரல் மடக்கினார். அந்தருக்கு எத்தனை மரைக்கால் என்பது அவருக்கு மனப்பாடம். கடைசியில் குரல் உயர்ந்தது.

“ரெண்டு மரைக்கால் கூடுதே! அள்ளி விட்டிருக்கிறான். சாக்கைக் கட்டு, திருப்பி அனுப்புவம்.”

அம்மா ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தா.

“எங்க கூடுது? எல்லாம் பதர். பாரமில்லாமல் மரைக்காலை நிரப்புது. நல்ல நெல்லை உங்கட தம்பி தன்ர பக்கம் தள்ளிப்போட்டார்.”

கோபம் வந்துவிட்டால் அப்பாவுக்கு வேறு சாட்சி வேண்டாம். “கள்ளப் பயல்! சரி, புடைச்சுப் போட்டுச் சோத்தைக் காச்சு,” என்றார். கனநாளைக்குப் பிறகு அவர் குரலில் பசி கேட்டது. எனக்கும் சித்தப்பா மேல் ஆத்திரம் பொங்கியது. இனி அவர் சைக்கிளில் வந்தால் படலை திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

அம்மா முற்றத்தில் இருந்து, உள்ளே கேட்கும்படி சுளகைத் தட்டித் தட்டிப் புடைத்தா. பதர் பறப்பதைப் பார்க்க நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். ஒன்றுமே பறக்கவில்லை. காற்று விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.