பாலத்தில் குதிக்கும் அம்மா

நோணாங்குப்பம் அலையாத்திக் காட்டுக்குள் போகும் நடைபாதை ஓடைக்கரையில் முடிகிறது. போன முறை இங்கிருந்துதான் திரும்பிப் போனேன். இப்போது எதிர்க்கரைப் பாதைவரை ஒரு புது இரும்புப் பாலம் இருக்கிறது. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. ஒரு காலை வைக்கிறேன். லேசாக அதிர்கிறது. காலை எடுத்துவிடுகிறேன்.

பாலத்தின் நடுவில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா நிற்கிறார். என் தயக்கத்தைப் பார்த்ததும் தொம் தொம்மென்று குதிக்கிறார். கீழே சேற்று நண்டுகள் வளைக்குள் ஓடுகின்றன.

“பயப்படாம வாங்க சார். எம் மருமவ வெல்டிங் அடிச்ச பாலம். தட்டாஞ்சாவடி பட்டறைல வேல செய்றா.”

கிட்டே போனதும் என் கையைப் பிடித்துக் கைப்பிடிக் கம்பியின் இணைப்பில் வைக்கிறார்.

“தடவிப் பாருங்க, கைல குத்துதா?”

“இல்லம்மா, வழவழன்னு இருக்கு.”

“பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு வீட்ல சண்ட போட்டதே நான்தான் சார்.”

எதிர்க்கரையில் நிற்கும் மருமகள் கூச்சத்தோடு கூப்பிடுகிறாள்: “அத்தே, போதும் வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

“இருடி, இன்னும் ரெண்டு பேரு வராங்க.”

புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் மறுபடி குதிக்கத் தயாராகிறார்.