சிப்பிப் பாறையில் ஒரு கபுறு

பன்னிரண்டாவது அடியில் மண்வெட்டி கறகறவென்றதும் மீராசா காக்கா ஒரு பிடி மண்ணை அள்ளி நாவில் வைத்துப் பார்க்கிறார். உப்பில்லை. துப்பிவிட்டு, "சிப்பிப் பாறை வந்திட்டு. இனி நல்ல தண்ணிதான்" என்று மேலே குரல் கொடுக்கிறார்.

கிழக்குக் கரையோரச் சாய்ந்தமருதில், எல்லோரும் அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் இவர் கிணறு தோண்டாத வளவு குறைவு. அறுபத்திரண்டு வயதிலும் ஏணியை நம்பமாட்டார், கயிறுதான். இறங்குமுன் தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பில் மாட்டிவிடுவார். மேலே மணல், அடுத்துக் கறுப்புச் சேறு, அதற்கும் கீழே சிப்பியும் சங்கும் இறுகிக் கல்லான படை. "சுனாமியும் இதில கை வைக்கல்ல" என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். வாய் ஓயாத மனிதர். ஒரு விசயத்தில் மட்டும் இருபது வருடமாக வாய் திறக்கவில்லை.

சுனாமி வந்து ஐந்தாம் மாதம். தூர்ந்துபோன கிணற்றுக்குப் பதிலாக சுபைறாவின் வளவில் புதிதாகத் தோண்டினார். அவளுடைய கணவன் றஸாக்கை அலை கொண்டுபோயிருந்தது, மையித்துக் கிடைக்கவில்லை. சிப்பிப் பாறைக்குள்ளிருந்து மூன்று விலா எலும்புகள் வந்தன. எலும்பா, கல்லா என்னும்படி பாரம். அலை எதை எங்கே புதைத்ததென்று தெரியாத காலம் அது. அத்தனை ஆழத்தில், கல்லான படைக்குள் அலை எப்படிப் புதைக்குமென்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர் குழிக்குள் நின்றார். மேலேயிருந்து சுபைறா, "அவர்தானே, காக்கா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து, "ஓம்" என்றுவிட்டார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கபன் துணியில் சுற்றி, தொழுது, மையவாடியில் கபுறு வெட்டி அடக்கினார்கள்.

போன மாதம் காரைதீவில், பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிப்பிக்கும் கேதீஸ்வரியின் வளவில் கிணறு தோண்டியபோது அதேபோல ஒரு விலா எலும்பு அவருக்கு அகப்பட்டது. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் இந்த ஊர்களெல்லாம் அலையடிக்காத ஆழமற்ற கடல் என்றும், அடியில் புல் வளர்ந்து கிடந்ததென்றும், அதை மேய்ந்த கடற்பசுவின் எலும்பு இதென்றும் கேதீஸ்வரி சொன்னார். மீராசா காக்கா ஒன்றைத்தான் கேட்டார்: "மனிசன்ட எலும்பு இவ்வளவு பாரமா இரிக்காதா, டீச்சர்?" இருக்காது என்றார் கேதீஸ்வரி. அன்று காக்கா சோறு தின்னவில்லை. தெரிந்ததுதான்; ஆனாலும் அடுத்தவர் வாயால் கேட்டபோது தாங்க முடியவில்லை.

சொல்லிவிடுவதென்ற முடிவோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மையவாடிக்குப் போனார். பெண்கள் உள்ளே போவதில்லை. வழமைபோல சுபைறா மதிலுக்கு வெளியே நின்றிருந்தாள். தலைமுடி நரைத்துவிட்டது. அவர் வாயெடுக்குமுன் அவள் சொன்னாள்:

"நீங்க கண்டெடுக்காட்டி, நான் எந்தப் பக்கம் பார்த்து ஸலாம் சொல்லுவன், காக்கா?"

பிறகு, கபுறின் தலைமாட்டில் நட்ட மீசான் கல் சரிந்து கிடப்பதைக் காட்டி, நிமிர்த்திவிடச் சொன்னாள்.

மீராசா காக்கா உள்ளே போய்க் கல்லை நிமிர்த்தினார். வேலைத்தலத்தில் மண்ணைக் காலால் மிதித்து இறுக்குகிறவர், செருப்பைக் கழற்றி எட்ட வைத்துவிட்டு, குந்தியிருந்து கையாலேயே மண்ணை அணைத்துவிட்டார்.