கிணற்றுக் குளிர்ச்சியும் ஐஸ் குளிர்ச்சியும்

சந்தியாகப்பன், வயது நாற்பத்தொன்று; நெல்லிவாசல்நாட்டுப் பள்ளி விடுதியின் சமையற்காரர். 1982 ஜூன் முதல் அங்கே தங்கியிருந்த ஆங்கில ஆசிரியர்கள் இருவர்: இங்கிலாந்துக்காரர் ஹியூ, ஆஸ்திரேலியாக்காரர் கிளைவ்.

ஹியூவின் பீருக்குக் கிணற்றுக் குளிர்ச்சி போதும்; அதற்குமேல் சில்லிட்டால் ருசி செத்துவிடும் என்பார். கிளைவுக்கோ பல் கூச வேண்டும். ஆகவே சனிக்கிழமைதோறும் ஒடுகத்தூரிலிருந்து உமியில் பொதிந்த ஐஸ் மூட்டை ஜீப்பில் மலையேறி வரும்.

1984 மார்ச் 17, சனிக்கிழமை. சந்தியாகப்பனின் மனைவி ஞானமேரி மூன்றாம் நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். நெற்றியில் ஈரத்துணி போடச் சொல்லியிருந்தார் நர்ஸ்.

நண்பகலில் ஜீப் ஓட்டும் ரங்கன் மூட்டையை இறக்கினான்.

"இன்னாண்ணே, ஒரு தொரைக்குக் கெணறு, ஒரு தொரைக்கு ஐஸு. நமக்கு வெந்நியா இருந்தாலும் எறங்கும்!"

சந்தியாகப்பன் சிரித்தார். வழக்கம்போல ஐஸை உடைத்துத் தொட்டியில் கொட்டி, கிளைவின் ஆறு பாட்டில்களைப் புதைத்தார்.

மாலையில் பக்கத்து வீட்டு ஜெயசெல்வி ஓடிவந்தாள்.

"அண்ணே, அக்காவுக்கு ஒடம்பு அனலா கொதிக்குது. இங்க ஐஸு வருமாமே, கொஞ்சம் குடுங்க!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலையெல்லாம் ஈரத்துணி மாற்றிய கையால்தான் ஐஸையும் உடைத்திருந்தார். தொட்டியில் இப்போது தண்ணீர்தான் இருந்தது. அதை ஒரு குண்டானில் மொண்டுகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிறு காலை ஞானமேரி இறந்தாள். திங்கட்கிழமை அவர் இருவருக்கும் காபி வைத்தார். ஹியூ ஏதோ ஆறுதல் சொன்னார், இவர் தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமையும் ஐஸ் வந்தது. உடைத்தார், பாட்டில்களைப் புதைத்தார்.

விடுதிப் பதிவேட்டில் இரண்டு சனிக்கிழமைகளுக்கும் அவர் எழுதியிருப்பது: ஐஸ், எட்டுக் கிலோ.