நூல் தராசில் ஏறிய ஹார்ட் டிஸ்க்

ஃபைல் சேரச் சேர ஹார்ட் டிஸ்க்கின் எடை கூடும் என்று நான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் அல்ல. நாற்பத்தெட்டு வயதில், மூக்குக் கண்ணாடியோடு, சூலூர்ப் பக்கம் சொந்தத் தறி ஷெட்டின் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நம்பினேன்.

என் தொழிலில் எல்லாமே எடைதான். கோன் நூல் எடை போட்டு உள்ளே வரும், சேலை எடை போட்டு வெளியே போகும். நடுவில் குறைந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆகவே ஹார்ட் டிஸ்க்கை வாங்கிய அன்றே நூல் தராசில் வைத்து, எடையை அதன் முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதிவைத்தேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கூடியிருந்தது. சேலை டிசைன்கள் ஏறியிருக்கின்றன என்று பூரித்துப்போய்ப் புது எடையையும் எழுதினேன். ஏறியிருந்தவை இடுக்கெல்லாம் அடைத்த பஞ்சுத் தூசியும், நான் கழற்ற மறந்த ஒயரும்.

ஒரு வியாழக்கிழமை ஈரோட்டு வியாபாரி போன் செய்தார். "ஆடிக்குப் போட்டீங்களே, மயிலு முந்தானை, அதே வேணுமுங்க. திங்கக்கெழமை தறில ஏத்த முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. பக்கத்து ஷெட்டுல கேட்டுக்கறேன்."

பக்கத்து ஷெட் என்றால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒருமுறை போன வியாபாரி அங்கேயே தங்கிவிடுவார். "ஏத்திப்போடலாமுங்க" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். டிக், டிக், டிக். பல்லி மாதிரி சத்தம் வந்ததே தவிர, திரையில் ஒன்றும் வரவில்லை.

ஆடிக்கு அந்த மயிலை நெய்த தறியின் நெசவாளர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அந்த மயிலு..."

"சித்த சும்மா இருப்பா, இங்க உசுரு போயிட்டிருக்குது!"

அவர் போய்விட்டார். நான் செய்த அடுத்த காரியத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. டிஸ்க்கைத் தூக்கித் தராசில் வைத்தேன், இந்த முறையும் ஒயரோடு. ஒரு கிராம் குறையவில்லை. அப்பாடா, சரக்கு உள்ளேதான் இருக்கிறது என்று மூச்சு வந்தது.

மறுநாள் காந்திபுரத்தில், அழிந்த ஃபைல்களை மீட்டுத் தருகிற கடைக்குப் போனேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் டிஸ்க்கை வாங்கி முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னங்ணா நம்பர்?"

"எடைங்க அம்மணி. சரியா இருக்குது. சரக்கு எங்கயும் போகலை, நீங்க எடுத்துக் குடுத்தாப் போதும்."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் ஆளை மண்ணைக் கவ்வ வைப்பதும் மரியாதையாக 'ங்க' போட்டுத்தான். செத்துப்போன வேறொரு டிஸ்க்கைத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு, மேலே ஒரு மெல்லிய கை.

"இந்தத் தட்டு சுத்துமுங்ணா. கை நுனி தட்டைத் தொடாம, ஒரு தூசி நுழையற எடங்கூட இல்லாம மெதந்துட்டுப் போகும். தட்டுல இருக்கற காந்தத்தைப் பொட்டுப் பொட்டாத் திருப்பி வெக்கிறதுதான் எழுதறது. எழுதினாலும் அழிச்சாலும் எடை ஒண்ணுதானுங்க."

"அதெப்படீங்க, அத்தனை டிசைன்?"

"உங்க தறில மயிலு போட்டாலும் யானை போட்டாலும் பாவு எடை மாறுமுங்களா? நூலு ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது. அவ்வளவுதானுங்களே?"

இருபத்தைந்து வருடமாகத் தறி ஓட்டுகிறவனுக்கு இதைக் கம்ப்யூட்டர் கடையில் சொல்லித்தர வேண்டியிருந்தது.

"இதை எங்கீங்ணா வெச்சிருந்தீங்க?"

"தறி பக்கத்துல, ஸ்டூல் மேல."

"தறி ஓடறப்பவுமா?"

"ஓடறப்பதானுங்க டிசைன் வேணும்."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். தறி அடிக்கிற அடியில் எங்கள் ஷெட்டில் காலண்டர்கூட ஆணியில் நிற்காது. அந்தக் குலுக்கலில் மிதக்கிற கை எத்தனை முறை தட்டில் மோதியதோ!

"வேற காப்பி? டிவிடி கிடிவிடி?"

டிசைனர் இரண்டு டிவிடியில் போட்டுத்தான் கொடுத்திருந்தார். தக்காளியைக் கொத்த வரும் மயில்களை விரட்ட, அந்த டிவிடிகளைத் தோட்டத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மயில் டிசைனைப் பார்த்து மயில் ஓடும் என்று எதிர்பார்த்தவன் நான். ஒரு மயிலும் ஓடவில்லை. அதையும் சொன்னேன்.

"அது சாயத்தைச் சுட்டு எழுதறதுங்ணா. இத்தனை நாள் வெயில்ல சாயம் போயிருக்கும்."

துணிக்காரனிடம் இதைச் சொல்கிறார்!

"பென் டிரைவ்ல தட்டு, கை ஒண்ணுமே இல்லீங்க. குட்டிக் குட்டிக் கட்டத்துல கரண்ட்டைப் பூட்டி வெக்கிறதுதான். குலுக்குனாலும் ஒண்ணும் ஆகாது. அதுல வெச்சிருக்கலாமுங்களே?"

"அதுலதானுங்க, தறிக்கு மேல டிசைன் போடற ஜக்கார்டு மெஷினுக்கு எடுத்துட்டுப் போவேன். ஏத்துனதும் அழிச்சுப்போடுவேன்."

"ஏனுங்ணா?"

"கனம் கூடாம இருக்கட்டும்னு."

அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

சனிக்கிழமை மதியம் கடையிலிருந்து போன் வந்தது. தட்டின் பூச்சு வட்டமாக உரிந்துவிட்டதாம், எதுவும் எடுக்க முடியாதாம். வியாபாரியிடம் என்ன பொய் சொல்லலாம் என்று ஷெட்டில் உலாத்திக்கொண்டே நான்கைந்து ஜோடித்தேன். ஒன்றும் நிற்கவில்லை. நெசவாளர் தயங்கித் தயங்கி வந்தார்.

"திட்டாதீங்க. அந்த மயிலு மெஷின் பெட்டிக்குள்ளயே இருக்குதுங்களே. ஆடிக்கு ஏத்துனது. நான் அன்னிக்கே சொல்ல வந்தனுங்க."

தறிக்கு மேலே ஜக்கார்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதன் சின்னத் திரையில் அவர் பொத்தானை நாலு தட்டுத் தட்டினார். பெயர் வந்தது. அதற்கும் ஒரு நினைவகம் உண்டு என்பது, அதற்குள் அத்தனை டிசைனையும் என் கையாலேயே ஏற்றிய எனக்குத் தோன்றவே இல்லை.

டிஸ்க் பிழைக்கவில்லை. பெட்டி கடைசியாக ஏற்றிய ஆறு டிசைன்களைத்தான் வைத்திருக்குமாம்; அவை தவிர மற்றவை போய்விட்டன. திங்கட்கிழமை காலை மயில் முந்தானை தறியில் ஏறியது.